நான் சொன்ன ஏழு ஓம்

எனக்கு வருகிற அழைப்புக்கு நான் ஏன் காசு கட்டவேண்டும்? மருதனார்மடச் சந்தியில் இந்தக் கேள்வியை நான் கேட்காத ஆள் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டேன். சந்தையில் கத்தரிக்காய் நிறுத்துத் தந்த மனுசியிடம் கேட்டேன். பிளவுஸ் தைக்க வந்த பெண்களிடம் அளவெடுக்கும்போது கேட்டேன். "உவங்கள் அப்பிடித்தான்" என்றார்கள். எவங்கள், ஏன் அப்படி என்று மேலே கேட்டால் கையை விரித்தார்கள். எனக்கு அது பதில் இல்லை.

விசயம் இதுதான். என் வீடு பண்டத்தரிப்பில். அங்கே கம்பியில் வருகிற பழைய ரெலிபோன் ஒன்று இருக்கிறது. என் தையல் கடை மருதனார்மடத்தில், சந்தைக்குக் கிட்ட ஒரு கட்டடத்தின் மேல்மாடியில். காலை எட்டரைக்குத் திறந்தால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் பூட்டுவேன். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆகவே வீட்டுப் போனுக்கு வருகிற அழைப்பை என் கைப்போனுக்குத் திருப்பிவிட்டு வைத்திருந்தேன். டைவேட் என்று சொல்வார்கள். லண்டனிலிருந்து அக்கா எனக்கு அழைப்பு எடுப்பார். லண்டனிலிருந்து பண்டத்தரிப்பு வரைக்கும் அக்காவின் காசு. பண்டத்தரிப்பிலிருந்து மருதனார்மடத்தில் என் காது வரைக்கும் என் காசு. லண்டன் கொம்பனி மாதம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, எவ்வளவு வேண்டுமென்றாலும் கதை என்று அக்காவை விட்டுவிட்டது. இங்கே, ஒரு பஸ் ஓட்டத் தூரத்துக்கு, எனக்கு நிமிடத்துக்கு நிமிடம் அளந்தார்கள். நான் ஒருவருக்கும் போன் எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்டதற்குப் பில் வந்தது.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நாலு வருடமாக மறதி வருத்தம். சொந்த மகளை ஒரு நாள் "நேர்ஸ் பிள்ளை" என்கிறார், மற்ற நாள் என் பெயரால் கூப்பிடுகிறார். சாப்பிட்ட கை காயுமுன் சாப்பாடு கேட்கிறார். ஆனால் எங்கள் வீட்டு ரெலிபோன் நம்பர் மட்டும், வெளிநாட்டிலிருந்து எடுக்கத் தேவையான முன் இலக்கங்களோடு சேர்த்துப் பதின்மூன்று இலக்கமும், விரலில் நிற்கிறது. முந்தித் தமிழ்க் கடையில் ரெலிபோன் காட் வாங்கி, சுரண்டி, அந்தக் காட்டின் நீள நம்பரை அடித்து, அதற்குப் பிறகு எங்கள் நம்பரை அடித்து, பாதிக் கதையில் வெட்டுப்பட்டால் திரும்ப முதலிலிருந்து அடித்த விரல் அது. எத்தனை ஆயிரம் தரம் அடித்திருப்பாரோ தெரியாது.

என் கைப்போன் நம்பரைப் பழக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பழக்காமலா? என் பெறாமகள், அதாவது அக்காவின் ஒரே மகள், அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். "உது எங்கடை நம்பர் இல்லை" என்று அக்கா கிழித்துப் போட்டார். அழுத்தினால் தானாக நம்பர் அடிக்கிற, என் படம் ஒட்டிய பெரிய பொத்தான் போன் ஒன்று வாங்கி வைத்தாள். அக்கா அந்தப் படத்தைப் பார்த்து "இவள் ஆர் கிழவி?" என்று கேட்டுவிட்டுத் துணியைப் போட்டு மூடிவிட்டார். எனக்கும் கொஞ்சம் கோபம்தான். ஆனால் என்ன செய்வது?

பெறாமகள் ஏழரைக்கு வேலைக்குப் போனால், பார்த்துக்கொள்ளுகிற பெண் பதினொரு மணிக்குத்தான் வருவாள். இடையில் மூன்றரை மணித்தியாலம் அக்கா தனிய. எங்களுக்கு அது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை. அந்த நேரத்தில்தான் எடுப்பார். ஒரு நாள், இந்த டைவேட் எல்லாம் வருமுன்னர், அப்படி எடுத்திருக்கிறார். நான் கடையில். வீட்டில் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அக்கா எழும்பி, இரவு உடுப்போடு, வீட்டுச் செருப்போடு, கதவைத் திறந்து றோட்டுக்கு இறங்கிவிட்டார். பஸ் நிலையத்தில் நின்று, வந்து நின்ற ஒவ்வொரு பஸ் சாரதியிடமும் தமிழில் கேட்டிருக்கிறார்: "தம்பி, இது பண்டத்தரிப்புக்குப் போகுமோ?" மாசி மாதக் குளிர். பொலிஸ்காரர் கொண்டுவந்து விட்டபோது காலிரண்டும் நீலம் பாரித்திருந்ததாம்.

பெறாமகள் அன்று எனக்கு எடுத்து அழுதாள். "சின்னம்மா, நீங்கள் போனை எடுத்தாப் போதும். உங்கடை குரல் கேட்டா அவ இருந்த கதிரையை விட்டு எழும்ப மாட்டா. மூண்டரை மணித்தியாலம்தான், சின்னம்மா." நான் அடுத்த நாளே டைவேட் போட்டேன். அதற்குப் பிறகு அக்கா ஒரு நாளும் றோட்டுக்கு இறங்கவில்லை. வீட்டுப் போனைக் கைவிடச் சொல்லி எனக்குப் புத்தி சொன்ன அத்தனை பேருக்கும் இதைத்தான் சொன்னேன். "இந்தக் காலத்திலை ஆர் அக்கா லான்ட்லைன் வைச்சிருக்கினம்?" என்று கேட்டார்கள். நான் வைச்சிருக்கிறன். என்ரை அக்கா ஒரு கதிரையில் இருக்கவேண்டும் என்பதற்காக வைச்சிருக்கிறன். விளங்குதோ?

கடையில் இருந்துகொண்டு வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லவேண்டியிருந்தது. வீட்டுக்கு எடுத்தால் வீட்டில்தானே இருப்பேன்? வேறு மாதிரிச் சொன்னால் அக்கா குழம்பிவிடுவார்.

"எடியே, என்ன செய்யிறாய்?"

"சும்மா இருக்கிறன் அக்கா."

"என்ன கடகடவெண்டு சத்தம்?"

"பக்கத்து வீட்டிலை தண்ணி மோட்டர் போட்டிருக்கினம்."

"மணி அடிக்குது. எங்கடை வீட்டுக்குக் கேக்கிற தூரத்திலை எந்தக் கோயில்?"

பெற்ற பிள்ளையை மறந்த மனுசி, எந்தக் கோயில் மணி எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை மறக்கவில்லை! சந்தியில் ஆஞ்சநேயருக்கு மதியப் பூசை. "இப்ப எல்லாக் கோயிலிலையும் லவுட்ஸ்பீக்கர் கட்டியிருக்கினம் அக்கா" என்று சமாளித்தேன்.

"கொடியிலை உடுப்புக் கிடக்கோ? மழை வரப்போகுது. போய் எடுத்திட்டு வா. நான் லைனிலை நிக்கிறன்."

நான் போனை மேசையில் வைத்துவிட்டு ஒரு பிளவுஸின் கையைப் பொருத்தித் தைத்து முடித்து, நூலை வெட்டி, திரும்ப எடுத்து "எல்லாம் எடுத்திட்டன் அக்கா" என்பேன். "நனைஞ்சு போச்சோ?" "இல்லை, இல்லை." இல்லாத மழையில் இல்லாத உடுப்பை நான் எடுத்த நேரத்துக்கும் கொம்பனி என்னிடம் காசு அறவிட்டது. மூன்றாவது மாதப் பில்லைக் கட்ட, தையல் மெஷினுக்குப் புது மோட்டர் வாங்க எடுத்து வைத்த காசை மேசை லாச்சியிலிருந்து எடுத்தேன். அன்று பின்னேரமே முடிவெடுத்தேன்: டைவேட்டை நிறுத்துவதில்லை, ஆனால் இந்தச் செலவைக் குறைக்காமலும் விடுவதில்லை.

கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு ரவுணில் உள்ள ரெலிபோன் கந்தோருக்குப் போனேன். ரோக்கன் எடுத்து இரண்டு மணித்தியாலம் இருந்தபின், கவுண்டரில் இருந்த தம்பி என் பில்லைக் கொம்பியூட்டரில் பார்த்தான்.

"டைவேட் எண்டா, அது உங்கடை லைனிலை இருந்து வெளியிலை போற கோல், அம்மா."

"நான் எடுக்கேல்லையே தம்பி. அக்காவெல்லோ எடுக்கிறா."

"அக்கா உங்கடை வீட்டுக்கு எடுக்கிறா. உங்கடை வீடு உங்களுக்கு எடுக்குது."

வீடு எனக்குப் போன் எடுக்கிறதாம். நாற்பது வருடமாக அந்த வீட்டைக் கூட்டிக் கழுவுகிறேன், ஒரு நாளும் அது எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வாய் திறக்குமுன் அவன் இன்னொன்றைக் கேட்டான்.

"ஞாயிற்றுக்கிழமையிலையும் டைவேட் போயிருக்கே. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டிலை இல்லையோ?"

இருந்தேன். முழு நாளும் வீட்டில்தான் இருந்தேன். டைவேட்டை ஒருமுறை போட்டேன், பிறகு எடுக்கவே இல்லை. ஞாயிறும் போயா விடுமுறையும், பின்னேரமும், அந்த ரெலிபோன் என் முழங்கையில் முட்டுகிற தூரத்தில் ஊமையாக இருக்க, பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு கைப்போனில் கதைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் காசு கட்டியிருக்கிறேன். பின்னால் ரோக்கனோடு நின்ற ஒருவர் சிரித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்தினார். என் விசர்த்தனத்துக்கு நான் கோபிக்கலாம், அவர் யார்?

அந்தத் தம்பி இரண்டு வழி சொன்னான். வீட்டில் ஆறு தரம் மணி அடித்து ஒருவரும் எடுக்காவிட்டால் மட்டும் கைப்போனுக்குத் திரும்புகிற மாதிரி வைக்கலாம். இல்லையென்றால் காலையில் போகும்போது போட்டு, பின்னேரம் வந்தவுடன் எடுக்கலாம். முதலாவது எனக்குச் சரிவரவில்லை. அக்கா நாலாவது மணியிலேயே மனம் விட்டுவிடுவார். ஆகவே, கதவைப் பூட்டுமுன் நட்சத்திரக் குறியை அழுத்தி டைவேட் போடுவது, வந்து செருப்பைக் கழற்றுமுன் எடுப்பது என்று பழகினேன். பில் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். மதிய நேர அழைப்பு அப்படியே இருந்தது.

என் கடைக்குக் கீழே ஒரு பெண்பிள்ளை கைப்போன் கடை வைத்திருக்கிறாள். றீலோட் போடுவாள், கண்ணாடி மாற்றுவாள், கெட்டிக்காரி. அவளிடமும் என் கேள்வியைக் கேட்டேன். அவள்தான் முதல்முதல் கையை விரிக்காத ஆள்.

"அன்ரி, உங்கடை வீட்டு லைன் ஒரு கொம்பனி. உங்கடை கைப்போன் வேறை கொம்பனி. அதுதான் உப்பிடிக் காசு போகுது. வீட்டு லைன்காரரின்ரை சிம் ஒண்டு எடுங்கோ. அவையிட்டை ஒரு பக்கேஜ் இருக்கு. அதைப் போட்டா வீட்டிலை இருந்து அந்த சிம்முக்கு வாற கோலுக்குப் பெரிசாக் காசில்லை. கோல் சென்ரருக்கு எடுத்துச் சொன்னாப் போதும்."

இதை அந்தக் கந்தோர் தம்பி ஏன் சொல்லவில்லை? ரோக்கன் எடுத்து இரண்டு மணித்தியாலம் இருந்தவளுக்கு இதைச் சொல்ல வாய் நோகுமா? சரி. சிம் எடுத்தேன். பழைய சிம்மோடு சேர்த்துப் போனுக்குள் போட்டேன். கோல் சென்ரருக்கு எடுத்தேன்.

அது ஆவணி மாதம், கலியாண நேரம். பதினாலு பிளவுஸ் காத்துக் கிடந்தன. அதில் ஒன்று மணப்பெண்ணின் கூறைச்சேலைக்கு உரியது, அடுத்த நாள் முகூர்த்தம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கால் மோட்டரில், கை துணியில். உங்கள் அழைப்பு எமக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் இருபது நிமிடம் சொல்லியது. முக்கியமென்றால் எடுங்கோவன்! கடைசியில் ஒரு பெண் வந்தாள். நல்ல மரியாதையான பிள்ளை, எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. நான் விசயத்தைச் சொன்னேன். அவள் "சரிங்க மேடம், நான் விவரங்களை வாசிக்கிறேன், ஓகேங்களா?" என்று தொடங்கி, பஸ் கொண்டக்டர் தரிப்பிடங்களைச் சொல்கிற வேகத்தில் வாசித்தாள். நான் "ஓம்" என்றேன். அவள் வாசித்தாள். நான் "ஓம், ஓம்" என்றேன். முடிவில் "நன்றி மேடம், இனிய நாளாக அமையட்டும்" என்றாள். எனக்குச் சந்தோசம். அந்தப் பிளவுஸின் கழுத்து அவ்வளவு வடிவாக வந்தது.

அடுத்த நாள் மதியம் அக்கா எடுக்கவில்லை. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து ரெலிபோனைக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை, அந்த "ம்ம்" என்ற இரைச்சல்கூட இல்லை. கம்பி அறுந்திருக்கும் என்று வெளியே போய்ப் பார்த்தேன். கம்பி கம்பியாகவே இருந்தது. அந்த நேரம்தான் பெறாமகளின் அழைப்பு கைப்போனில் வந்தது.

"சின்னம்மா, அம்மா திரும்ப றோட்டுக்கு இறங்கிட்டா. இந்த முறை விழுந்து முழங்கால் உடைஞ்சு தையல் போட்டிருக்கினம். நீங்கள் ஏன் போன் எடுக்கேல்லை?"

"வரேல்லைப் பிள்ளை! எனக்கு வரேல்லை!"

"அவ சொல்லுறா, ஒரு பொம்பிளை போனிலை சொன்னவளாம், அந்த வீட்டிலை இப்ப ஆக்கள் இல்லையாம். எல்லாரும் இடம்பெயர்ந்திட்டினமாம். எந்தப் பள்ளிக்கூடத்திலை இருக்கினம் எண்டு விசாரி எண்டு என்னை நிண்டு அரிக்கிறா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் கைப்போனிலிருந்து என் வீட்டுக்கு எடுத்துப் பார்த்தேன். நீங்கள் அழைத்த இலக்கம் தற்போது பாவனையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் அறிவித்தது. சண்டைக் காலத்தில் எங்கள் ஊர் எத்தனை தரம் ஓடியிருக்கிறது! பாவனையில் இல்லை என்றால் அக்காவுக்கு வேறு என்ன விளங்கும்? பாயும் பானையும் கட்டிக்கொண்டு நாங்கள் திரும்பவும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறோம் என்றுதான் விளங்கும். நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். பிறகு எழும்பி முகம் கழுவினேன். அழுகிற நேரமில்லை.

மறுநாள் காலை கந்தோர் திறக்குமுன் வாசலில் நின்றேன். அதே தம்பி. கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான்.

"நீங்கள்தானே அம்மா லைனை மாத்தச் சொன்னது? அந்தப் பக்கேஜ் பழைய கம்பி லைனுக்கு இல்லை. கம்பி லைனை வெட்டி, புது லைன், புது நம்பர். பொருத்திறதுக்கு ஆக்கள் வருவினம்."

"கோதாரி! நான் எப்ப வெட்டச் சொன்னன்?"

"சம்மதம் குடுத்திருக்கிறியள். பதிவு இருக்கு."

"போடுங்கோ அந்தப் பதிவை. நான் கேக்கவேணும்."

மனேஜரிடம் போய், உத்தரவு வாங்கி, ஒருவழியாகப் போட்டார்கள். கடகடவென்று என் தையல் மெஷின். அதற்குமேல் அந்தப் பிள்ளையின் குரல். தற்போதைய கம்பி இணைப்பு நீக்கப்படும், ஓகேங்களா? ஓம். புதிய இணைப்புக்குப் புதிய இலக்கம் வழங்கப்படும், ஓகேங்களா? ஓம். பழைய இலக்கம் செயலிழக்கும், சம்மதங்களா மேடம்? ஓம், ஓம். எல்லாமாக ஏழு ஓம். என் குரல்தான். எவ்வளவு சந்தோசமாகச் சொல்லியிருக்கிறேன், பாவி!

எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தால் அது மரியாதைக்குறைவு. "ஓம்… ஓம்…" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கேட்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் பொருள். பிடிக்காத சம்பந்தத்தைக் கொண்டு வருகிறவருக்கும் ஒரு மணித்தியாலம் "ஓம், ஓம்" போட்டுவிட்டு, கடைசியில் "அது சரிவராது" என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம். ஒருவரும் கோபித்ததில்லை. இது எங்கள் தாய் தகப்பன் பழக்கிய பழக்கம். அதைப் பிடித்துப் பதிவு செய்து, சம்மதம் என்று எழுதி, என் அக்காவின் முழங்காலை உடைத்துவிட்டார்கள்.

நான் அந்தத் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்காவின் வருத்தம், பதின்மூன்று இலக்கம், பஸ் நிலையம், முழங்கால் தையல், பள்ளிக்கூடம். கந்தோர் முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கம் இல்லை. "எனக்கு அந்த நம்பர் திரும்ப வேணும். வேறை ஒண்டும் வேண்டாம். பக்கேஜும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். அதே நம்பர், அதே வீட்டிலை, திரும்பத் தாங்கோ" என்றேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஓம் அம்மா… ஓம்… ஓம்…"

"நிப்பாட்டுங்கோ தம்பி!" என்றேன். "இப்ப என்ன சொன்னியள்?"

"என்ன அம்மா?"

"நம்பரைத் தாங்கோ எண்டன். நீங்கள் ஓம் எண்டனீங்கள். மூண்டு தரம் சொன்னனீங்கள். இஞ்சை நிக்கிற அவ்வளவு பேரும் சாட்சி. எடுங்கோ நம்பரை!"

"ஐயோ அம்மா, அது நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்குச் சொன்னது."

"நானும் அதுக்குத்தான் சொன்னனான்!"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. அவனுக்குக் காது சிவந்துபோனது. நான் சிரிக்கவில்லை. அவன் கெட்ட பிள்ளை இல்லை. எழும்பி உள்ளே போனான். கொழும்புக்கு எடுத்துச் சிங்களத்தில் நெடுநேரம் கதைப்பது கேட்டது. திரும்பி வந்து, நம்பர் இன்னும் வேறு ஒருவருக்கும் கொடுபடவில்லை, எழுதித் தாருங்கள், எடுத்துத் தரப் பார்க்கிறேன் என்றான். எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் வாசித்தேன்.

அதற்குப் பிறகும் நான் நாலு தரம் போகவேண்டியிருந்தது. மொத்தம் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் அக்கா எடுத்துக்கொண்டே இருந்தாராம். எடுத்து, அந்தப் பெண் குரல் மூன்று மொழியிலும் சொல்லி முடிக்கும் வரை கேட்டு, வைத்து, திரும்ப எடுத்து. பெறாமகள் லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். என்னோடு கதைக்கத் தன் போனைப் பிடித்துக் கொடுத்தாலும் அக்கா ஏற்கவில்லை. இது வேறு ஆரோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பதினொரு நாளுக்குப் பிறகு லைன் வந்தது. பழைய நம்பர், பழைய கம்பி. அந்தத் தம்பி எப்படியோ பிடித்துக் கெஞ்சி, டைவேட்டுக்குக் காசு குறைகிற வழியும் செய்து தந்திருந்தான். கீழ்க்கடைப் பிள்ளை தன் போனிலிருந்து என் வீட்டு நம்பரை அடித்தாள். என் கையில் மணி அடித்தது. அவள் கை தட்டினாள்.

மதியம் பன்னிரண்டுக்குப் போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டரை. ஒன்று. இரண்டு. மூன்றரை வரை வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்தக் கிழமை முழுக்க இல்லை.

"அவ போனைத் தொடுறா இல்லைச் சின்னம்மா" என்றாள் பெறாமகள். "அங்கை ஒருத்தரும் இல்லை எண்டுறா. கையிலை குடுத்து, அடியுங்கோ அம்மா எண்டா, நாலு இலக்கம் அடிச்சுப்போட்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறா. மிச்சம் வருகுதில்லை." பிறகு சொன்னாள்: "லீவு முடிஞ்சுது. நான் இப்ப வெளியாலை பூட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போறன். என்னை ஏசாதேங்கோ."

நான் அவளை ஏன் ஏசவேண்டும்? ஏசவேண்டியவர்கள் வேறு இடத்தில், குளிர்காற்றுப் பெட்டி போட்ட அறையில் இருக்கிறார்கள். என் ஏழு ஓமைப் பத்திரமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று இலக்கத்தை இருபது வருடம் சுமந்த விரலை அவர்கள் பதினொரு நாளில் அழித்தார்கள். அதற்கு யார் யாருக்குப் பில் அனுப்புவது?

மாத முடிவில் பில் கடை விலாசத்துக்கு வந்தது. கீழ்க்கடைப் பிள்ளை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டுப் படியேறி ஓடி வந்தாள். "அன்ரி, பாத்தியளே! டைவேட்டுக்கு ஒரு சதமும் இல்லை! நான் சொன்னனானெல்லோ?" அவளுடைய முகம் முழுக்கச் சந்தோசம். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடுதாசியைப் பறித்துக் கிழித்தேன். அவள் பயந்துபோனாள். பிறகு அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நல்லது செய்த பிள்ளை அவள்.

அன்று மதியம் நானே அக்காவுக்கு அழைப்பு எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் இது ஒரு நாளும் நடந்ததில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள்தான் இங்கே எடுப்பார்கள், இங்கே இருப்பவர்கள் எடுப்பதில்லை. அதுதான் முறை என்று எல்லோரும் பழகிவிட்டோம். பூட்டிய வீட்டுக்குள் மணி அடித்தது. கனநேரத்துக்குப் பிறகு எடுத்தார்.

"ஆர்?"

"நான்தான் அக்கா."

"ஆர் நான்?"

"தங்கச்சி. பண்டத்தரிப்பிலை இருந்து, வீட்டிலை இருந்து கதைக்கிறன். நாங்கள் ஒரு இடமும் போகேல்லை அக்கா. வீட்டிலைதான் இருக்கிறம்."

"பொய் சொல்லாதேங்கோ பிள்ளை" என்றார், மிக மரியாதையாக. "அங்கை இருந்து ஆர் இஞ்சை எடுக்கிறது? அவளிட்டை ஏது காசு? நான்தான் அவளுக்கு எடுக்கிறனான்."

"அக்கா, நான்தான் அக்கா…"

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. போனை வையுங்கோ. எங்கடை ஆக்கள் இடம்பெயர்ந்து எங்கையோ நிக்கினம். என்ரை தங்கச்சி ஆரிட்டையும் கடன் பட்டெண்டாலும் எனக்கு ஒருக்கா எடுத்து அறிவிப்பாள். நீங்கள் லைனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா அவள் என்னெண்டு எடுக்கிறது?"

தங்கச்சி எடுக்கவேண்டுமே என்று, தங்கச்சி நானே போனை வைத்தேன்.